எட்டு அங்குலக் குழாயும் முத்தையன்கட்டு இருட்டும்

விளம்பரத்தில் இருந்த படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுழன்று விரியும் கைகள், நீலமும் ரோசாவுமாய்ப் புள்ளிகள், நடுவில் பொன்மஞ்சளாய் ஒரு மேடு. அதற்குக் கீழே, இந்தத் தொலைகாட்டியால் பேரடைகளையும் பார்க்கலாம் என்று ஒரு வரி. பேரடை என்றால் எங்கள் பால்வீதியைப் போன்ற வேறொரு பெரும் நட்சத்திரக் கூட்டம். அந்தப் படத்தை நம்பி வாங்குகிறவன் முதல் இரவிலேயே குழாயைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டுவிடுவான். படம் எடுத்தது விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும் ஹபிள் தொலைகாட்டி. அதற்கும் எனக்கு வந்து சேர்ந்த தகரக் குழாய்க்கும் உள்ள உறவு பந்தயக் குதிரைக்கும் ஐயனார் கோயில் மண்குதிரைக்கும் உள்ள உறவுதான்.

ஆனால் நான் குழாயைக் குளத்துக்குள் போடவில்லை. வாங்கி நான்கு வருடத்துக்கு மேலாகிறது. வாங்கலாமா என்று கேட்டு இதுவரை ஏழெட்டுப் பேர் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதுகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுக்குப் போகும் வழியில் நீர்ப்பம்பியும் லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரமும் திருத்துவது என் தொழில். வானியல் படித்தவன் அல்ல. மகளின் உயர்தரப் பௌதிகவியல் புத்தகத்தை அவள் தூங்கிய பிறகு எடுத்துப் படித்த ஆள். எனவே ஆணி, பலகை, உருளை பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். மற்றதை நான் படித்தும் பார்த்தும் அறிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

சாமான் இதுதான். 200 மில்லிமீற்றர், அதாவது எட்டு அங்குல விட்டமுள்ள குழிவாடி; ஒளியைச் சேர்க்கும் குழிவான கண்ணாடி அது. குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். டொப்சன் வகைத் தாங்கி. 25 மில்லிமீற்றரிலும் 10 மில்லிமீற்றரிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டுகள் இரண்டு. முதலாவது 48 மடங்கு பெருக்கும், இரண்டாவது 120 மடங்கு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 26 கிலோ. கொம்பனிப் பெயரை எழுதவில்லை. இந்த அளவில் சந்தையில் உள்ளவை ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருக்கின்றன. நான் திட்டப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். கொழும்பில், வெளிநாடு புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் 2021 மார்கழியில், அதாவது டிசெம்பரில், பழையதாக வாங்கினேன் (ஆங்கில மாதங்களைத் தமிழ் மாதப் பெயரால் சொல்வது எங்கள் வழக்கம்). ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் ரூபா. மனைவிக்குச் சொன்ன தொகை வேறு.

நெல் ஏற்றிப் போய் வெறுமையாகத் திரும்பிய லொறி ஒன்றில், பழைய மெத்தையில் சுற்றி, வெளியே உரப்பைகளால் வரிந்து கட்டிக் கொண்டுவந்தோம். ஒன்றே கால் மீற்றர் நீளக் கறுப்புக் குழாய் ஒன்று, போரைக் கண்ட எங்கள் ஊரில் லொறியிலிருந்து இறங்கினால் பார்க்கிறவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். பக்கத்து வளவுப் பெரியவர்தான் வேலியோரம் நின்று கேட்டார்: "என்ன தம்பி, எந்தப் பக்கம் அடிக்கப் போகிறீர்?" மேல் பக்கம் என்றேன். "அதுவும் சரிதான்," என்றார், "அங்கேயிருந்துதானே எல்லாம் விழுந்தது."

இனி இயந்திரம். டொப்சன் தாங்கி என்பது உண்மையில் ஒரு பெட்டி. பழைய பீரங்கியைப் போலக் குழாய் இரண்டு பக்கத்திலும் குமிழில் உட்கார்ந்து மேலும் கீழும் ஆடும். பெட்டி தட்டின்மேல் சுற்றும். மோட்டார் இல்லை, பற்சக்கரம் இல்லை. இதைப் பரப்பிய ஜோன் டொப்சன், சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் இருபது வருடத்துக்கு மேல் துறவியாக இருந்தவர். கப்பல் யன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, வண்டியில் தள்ளிக்கொண்டு தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் வானத்தைக் காட்டித் திரிந்தார். அதனாலேயே 1967 இல் மடத்தை விட்டுப் போக நேர்ந்தது. காவியை இழந்து கண்டுபிடித்த பெட்டி இது. அதைச் செய்தவரின் புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. குறைந்த உறுப்பு, குறைந்த பழுது.

பெட்டி சுற்றும் இடத்தில் தெஃப்லோன் துண்டுகள் வழுவழுப்பான தகட்டில் உரசுகின்றன. வந்த புதிதில் அது கீச்சிட்டது. கீச்சிடும் எதற்கும் கிறீஸ் போடுவது முப்பது வருடப் பழக்கம், போட்டேன். அதற்குப் பிறகு குழாய் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பெருமூச்சு விட்டாலும் சனிக்கிரகம் ஓடிவிடும். போதாததற்குப் புழுதி படிந்து மாப்போல ஒட்டியது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இந்தத் தாங்கிக்கு உராய்வு வேண்டும். உராய்வுதான் அதன் தடுப்பு. கிறீஸ் போடாதீர்கள். கீச்சிட்டால் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் போதும்.

லொறிப் பயணத்தில் ஆடிகள் விலகியிருந்தன. அடிப்பக்கத்தில் மூன்று திருகாணிகள். அவற்றைத் திருப்பி நேர்ப்படுத்த வேண்டும். அதற்கென்று லேசர்க் கருவி விற்கிறார்கள். வேண்டாம். மாத்திரைப் போத்தல் மூடியின் நடுவில் துளையிட்டு, பார்வைத்துண்டு போடும் வாயில் பொருத்தி, அதனூடாகப் பார்த்துத் திருப்பினேன். கார்புரேற்றர் பூட்டத் தெரிந்தவனுக்கு இது பத்து நிமிட வேலை.

சந்திரன், வியாழன், சனி பற்றி எழுதப்போவதில்லை. அவை எந்தக் குழாயிலும் அழகாகத்தான் தெரியும். கொழும்பு மொட்டைமாடியிலும் தெரியும். எட்டு அங்குலம் வாங்குகிறவன் அதற்காக வாங்குவதில்லை. இருட்டில் விரிந்த கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 200 மில்லிமீற்றர் ஆடி அதைவிட எண்ணூறு மடங்கு ஒளியை அள்ளுகிறது. இந்த அள்ளலுக்குத்தான் காசு. எங்கள் பால்வீதியைப் போன்ற வேறு வீதிகளின் ஒளியை அள்ளுவதற்கு.

இங்கே ஒரு பெருங்குறை இருக்கிறது. எந்த நாட்டு விமர்சனத்திலும் இதை நான் கண்டதில்லை. அவற்றை எழுதுகிறவர்கள் 40, 50 பாகை வடக்கில் இருக்கிறார்கள். நாங்கள் 9 பாகைச் சொச்சத்தில் இருக்கிறோம். பேரடைகள் மொய்த்துக் கிடக்கும் கன்னிக் கொத்து அவர்களுக்குத் தெற்கே சாய்ந்து, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வாகாக வரும். எங்களுக்கோ சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அந்தக் கொத்தின் நடுவில் இருக்கும் எம் 87 என்ற பேரடை, உச்சியிலிருந்து மூன்று பாகை மட்டும் வடக்கே தள்ளிப் போகும். டொப்சன் பெட்டிக்கு உச்சிதான் ஆகாத இடம். குழாய் செங்குத்தாக நிற்கும்போது அதைச் சற்று இடப்பக்கம் நகர்த்தவேண்டுமென்றால் பெட்டியைக் கால்வாசி சுற்ற வேண்டும். நீங்களும் செக்குமாடுபோல அதைச் சுற்றிவர வேண்டும். இடம் பிடிக்கக் குழாயின்மேல் பூட்டியுள்ள சின்னத் தேடுகுழாயோ நேர்க்குழாய். அதனூடாக உச்சியைப் பார்க்கத் தரையில் மண்டியிட்டு, கழுத்தை முறித்து, வாயைப் பிளந்துகொண்டு பார்க்க வேண்டும். இரண்டு முறை வாய்க்குள் பூச்சி போனது.

அதற்குப் பதிலாகத் துருவ அச்சில் சுற்றும் தாங்கியை வாங்கலாமே என்பீர்கள். அதுவும் வடக்கத்தையாருக்கு வார்த்ததுதான். துருவ நட்சத்திரம் எங்களுக்கு அடிவானத்திலிருந்து 9 பாகை உயரத்தில், பாலை மரக் கொப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. அத்தனை தாழ்வாக அச்சைச் சாய்த்தால் பல தாங்கிகளில் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் முட்டும். பெட்டியே மேல்.

நான் கண்டுபிடித்த வழி எளிது. பூமி மணிக்கு 15 பாகை திரும்புகிறது. கன்னிக் கொத்து உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணிநேரம் முன்னாலோ பின்னாலோ பார்த்தால் பெட்டி மறுபேச்சில்லாமல் திரும்பும். உச்சிக்கு வரும் அந்த நேரத்தில் குழாயைத் தெற்கே சாய்த்துவிடுங்கள். தெற்கே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

2022 பங்குனிக் கடைசி நினைவிருக்கும், நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்த நேரம். நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு. டீசல் இல்லை. டீசல் இல்லாவிட்டால் பம்பி ஓடாது. ஓடாத பம்பி பழுதாகாது. பழுதாகாவிட்டால் எனக்கு வேலை இல்லை. சித்திரை முதலாந் திகதி அமாவாசை. அதற்கு முந்திய இரவு குழாயையும் பெட்டியையும் லான்ட்மாஸ்டரில் ஏற்ற டீசல் இல்லாமல், நானும் மகளும் கைவண்டியில் வைத்துத் தள்ளிக் குளக்கட்டுக்குக் கொண்டுபோனோம். பெரியவர் யானைக் காவலுக்குப் பரணில் இருந்தார்; அவரும் இறங்கி வந்தார்.

இருட்டு என்றால் எப்படி? சந்தி விளக்கு இல்லை, கடை விளக்கு இல்லை, கிழக்கே முல்லைத்தீவுப் பக்கத்து மங்கல் ஒளியும் இல்லை. குளத்துத் தண்ணீரில் வெள்ளிகள் தெரிந்தன. எங்கள் அம்மம்மாவுக்கு எல்லா நட்சத்திரமும் வெள்ளிதான்; எனக்கும் அதுவே வாயில் வரும். என் கை எனக்குத் தெரியவில்லை. வானம் இல்லாத இடத்தில் கை இருக்கிறது என்று அறிந்தேன்.

இருட்டில் அரை மணிநேரம் சும்மா இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கண் முழுதாகத் திறக்கும். இடையில் யாராவது கைப்பேசியைத் திறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரைபடம் பார்க்கச் சிவப்பு விளக்குத் தேவை. கடையில் வாங்க வேண்டாம். பழைய மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு மூடியை ரோச்சின் வாயில் கட்டினேன்.

வழி இதுதான். சிம்மத்தின் வாலில் உத்தர நட்சத்திரம். அதிலிருந்து கிழக்கே, கன்னியின் உயர்த்திய கையில் மூன்றாந்தர வெள்ளி ஒன்று. இரண்டுக்கும் நடுவில் குழாயை வைத்தால் ஒன்றுமில்லாத இருட்டு. அந்த இருட்டைத்தான் பார்க்க வேண்டும். பத்து மணியளவில் 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் இரண்டு மங்கல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. எம் 84, எம் 86. நேரே பார்த்தால் கரைந்துவிடும். சற்று விலக்கிக் கடைக்கண்ணால் பார்த்தால் தடிக்கும். விழித்திரையின் நடுவில் நிறம் காணும் கலங்கள். மங்கலைக் காணும் கலங்கள் அதைச் சுற்றியே இருக்கின்றன. கடைக்கண் பார்வைக்குத் தமிழில் வேறு பெருமைகள் உண்டு. இப்படியொரு பயன் இருப்பது எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

பெரியவர் முதல் முறை ஒன்றும் தெரியவில்லை என்றார். இரண்டாவது முறை, கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள் என்றார். மகள் அவருடைய தலையைப் பிடித்து, "நேரே பார்க்காதீர்கள் தாத்தா, பக்கத்து வீட்டைப் பார்ப்பதுபோல் பாருங்கள்," என்றாள். கொஞ்சநேரம் பேச்சில்லை. "பஞ்சு," என்றார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் இதற்குப் பெயர் பஞ்சு பார்ப்பது. பேரடை என்ற சொல்லைப் பட்டறையில் யாரும் பாவிப்பதில்லை.

ஒரே பார்வைப் புலத்தில் முதலில் இரண்டு, பிறகு நான்கு, கண் பழகப் பழக ஏழு பஞ்சுகள். குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே போனதில் அன்றிரவு பதினொன்று எண்ணினேன். 1781 பங்குனி 18 ஆம் திகதி பாரிஸில் சார்ள்ஸ் மெசியே என்ற வானியலாளர் இதே இடத்தில் ஒரே இரவில் எட்டைப் பதிவு செய்தார்; எம் என்ற எழுத்து அவருடைய பட்டியலைக் குறிப்பது. அவரை மூன்றால் வென்றேன் என்று மகளிடம் சொன்னேன். "அவரிடம் வரைபடம் இல்லை அப்பா," என்றாள்.

எம் 87 அவற்றுள் பெரியது. உருண்டையான, ஓரம் தெரியாத ஒளி. அதைப் பார்த்தபோது நான் என்ன பார்க்கிறேன் என்று தெரிந்துதான் பார்த்தேன். 2019 சித்திரை 10 ஆம் திகதி கருந்துளை ஒன்றின் முதற்படம் என்று செம்மஞ்சள் வளையமொன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, அது இதன் நடுவில் இருக்கிறது. 650 கோடிச் சூரியன்களின் நிறை. என் குழாயில் வளையமும் இல்லை, ஒரு புண்ணாக்கும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு. ஆனால் அந்த ஒளி புறப்பட்டு ஐந்து கோடி ஆண்டுக்கு மேல். அது முடிவது ஒரு பம்பி திருத்துகிறவனின் கண்ணில், முத்தையன்கட்டுக் குளக்கட்டில். விளம்பரக்காரர் இதை எழுதியிருந்தால் படமே தேவையில்லை.

இன்னும் சற்று வடக்கே கோமாக் கொத்து இருக்கிறது. 32 கோடி ஒளியாண்டு. இந்தக் குழாயின் எல்லை அதுதான். நல்ல இரவில் நடுவிலுள்ள இரண்டு பெரிய பேரடைகள் இருக்கின்றனவா இல்லையா என்ற அளவில் வந்துபோகும். நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் ஒரு முறைதான். 1933 இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி என்ற வானியலாளர் இந்தக் கொத்தின் பேரடைகள் ஓடும் வேகத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தார். அந்த வேகத்துக்குக் கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நிறை அதைக் கட்டிப்பிடிக்கப் போதாது. தெரியாத ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்றார். இருள்பொருள் என்ற பேச்சுக்கு அது ஒரு தொடக்கம். கப்பி சுற்றும் வேகத்தைப் பார்த்தே அதற்குள் எத்தனை பாரம் இருக்கிறது என்று நாங்களும் மதிப்பிடுவோம். எனவே சுவிக்கியின் கணக்கு எனக்குப் புரிந்த மாதிரி அவருடைய காலத்தில் பலருக்குப் புரியவில்லை போலும். பல காலம் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நள்ளிரவுக்குக் கொத்து உச்சிக்கு ஏறியதும் குழாயைத் தெற்கே சாய்த்தோம். தென்சிலுவை காட்டுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. ஐரோப்பியர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் வானம் இது, எங்களுக்கு வாசற்படி. ஒமேகா சென்டோரி 33 பாகை உயரத்தில் வரும். அது பேரடை அல்ல, பால்வீதிக்குச் சொந்தமான கோளக்கொத்து, உருண்டையாய்த் திரண்ட வெள்ளிக் கூட்டம். பெரியவர் அதைக் கண்டதும் குழாயை விட்டு நகரவில்லை. "சுளகில் குறுணலைக் கொட்டிவிட்டது போல." அதற்கு நாலு பாகை வடக்கே சென்டாரஸ் ஏ, 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்தில் ஒரு பேரடை. அதன் நடுவில் குறுக்காகத் தூசுப் பட்டை ஒன்று. இந்த எட்டு அங்குலத்தில் அந்தப் பட்டை தெரிகிறது. தெரிகிறது என்று எழுதும்போது இன்றும் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

விடியப்புறம் தனுசு ஏறியது. இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நம்முடைய பால்வீதியின் நடு இந்தக் குழாயில் தெரியுமா? அதே வருடம் வைகாசி 12 ஆம் திகதி அந்த நடுவில் உள்ள கருந்துளையின் படமும் வெளியானது. அதற்குப் பிறகு கேள்வி கூடிவிட்டது. தெரியாது. எட்டு அங்குலத்தில் மட்டுமல்ல, எண்பது அங்குலத்தில் கண்ணை வைத்தாலும் தெரியாது. ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கும் அந்த இடத்திலிருந்து புறப்படும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில், ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் வழியிலுள்ள தூசைக் கடந்து எங்களிடம் வருகிறது. அகச்சிவப்பும் வானொலியலையும் தூசுக்குள் புகுந்து வரும். அதனால்தான் கென்செல், கெஸ் என்ற இரண்டு வானியலாளர்களும் அகச்சிவப்பில் பல வருடம் காத்திருந்து, அங்குள்ள வெள்ளிகள் ஒரு தெரியாத புள்ளியைச் சுற்றி ஓடுவதைக் கண்டார்கள். ஒரு வெள்ளி 16 வருடத்தில் ஒரு சுற்று. அந்தப் புள்ளியில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட சூரியன்களின் நிறை. அதற்காக அவர்கள் இருவருக்கும் 2020 இல் நோபல் பரிசு கிடைத்தது. விற்பனைக்காரர் யாராவது இந்தக் குழாயில் பால்வீதியின் மையத்தைக் காட்டுகிறேன் என்றால் கையிலுள்ள காசைச் சட்டைப்பைக்குள் திருப்பி வையுங்கள்.

விருச்சிகத்தின் வாலிலுள்ள மூல நட்சத்திரத்துக்கு அருகில்தான் அந்த இடம் என்பது உண்மை. மூலம் என்று பெயர் வைத்ததைக் காட்டி, முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று எனக்கு யாரும் எழுத வேண்டாம். எழுதிய இருவருக்கு நான் பதில் போடவில்லை.

மையம் தெரியாவிட்டாலும் அதற்கு நான்கு பாகை தள்ளி, தூசு மெலிந்த ஓர் இடம் இருக்கிறது. பாடேயின் யன்னல் என்பார்கள். குழாயை அங்கே திருப்பினால் புலம் முழுக்க மாவு தூவியது போல வெள்ளிகள்; மையத்தைச் சுற்றியுள்ள மேட்டின் வெள்ளிகள் அவை. வோல்டர் பாடே ஜேர்மன்காரர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவில் எதிரிநாட்டவர் என்று பதியப்பட்டதால் மற்ற விஞ்ஞானிகளைப் போலப் போர் வேலைக்கு எடுக்கப்படவில்லை. மவுன்ட் வில்சனில் அன்றைய மிகப்பெரிய 100 அங்குலத் தொலைகாட்டி அவரிடம் விடப்பட்டது. குண்டுக்குப் பயந்து கீழே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கணைத்துக் கிடந்தது. அந்த இருட்டில்தான் அந்திரோமேடாப் பேரடையின் நடுவிலுள்ள வெள்ளிகளை முதன்முதல் தனித்தனியாகப் பிரித்துப் படமெடுத்தார். பேரடைகளில் இருவேறு வகை வெள்ளிகள் உண்டு என்று 1944 இல் எழுதினார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களிடமும் அந்த இருட்டு இருந்தது. போர்க்காலத்தில் பல வருடம் மின்சாரம் இல்லை. குப்பி விளக்குக்கும் மண்ணெண்ணெய் அளந்துதான். வன்னி முழுவதும் அணைந்து கிடந்த இரவுகளில் நான் பதுங்குகுழி வாசலில் இருந்திருக்கிறேன். தலைக்கு மேல் கன்னிக் கொத்தும் தனுசும் இதே நேரத்துக்குத்தான் போயிருக்கும். அந்த நாட்களில் வானம் பார்க்கும் பொருளாக இருக்கவில்லை, காது கொடுத்துக் கேட்கும் பொருளாக இருந்தது. வண்டு என்று நாங்கள் சொல்லும் வேவு விமானம் இரைகிறதா, குண்டு போடும் கிபிர் விமானம் வருகிறதா என்று. எப்போதாவது நிமிர்ந்தால், பரசூட்டில் இறங்கும் பரா வெளிச்சம் தொங்கிக்கொண்டிருக்கும். பாடேக்குக் கிடைத்தது நூறு அங்குலம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பெட்டி மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை. ஐரோப்பிய வீட்டு அறைக்கு அது போதும். எங்கள் மாரிக்கு அது பிஸ்கற். முதலாவது ஐப்பசியிலேயே அடித்தட்டு ஊதிப் பெட்டி சுற்ற மறுத்தது. முதிரைப் பலகை போட ஆசை. கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பார்கள். இடிந்த வீடொன்றின் வேப்பங்கதவை அறுத்துப் போட்டேன். இரண்டு கிலோ கூடியது, ஆட்டம் குறைந்தது. வாங்கியதும் வெட்டு விளிம்பெல்லாம் வார்னிஷ் பூசிவிடுங்கள்.

ஈரத்தை உறிஞ்சட்டும் என்று வறுத்த அரிசியைத் துணியில் கட்டிக் குழாய்க்குள் வைத்தேன். யாரோ சொன்ன யோசனை. எலி வந்தது. ஆடிக்கு மேலே அது நடத்திய குடித்தனத்தை விவரிக்க மாட்டேன். காய்ச்சி வடித்த நீரில் ஆடியைக் கழுவியபோது, பற்றரிக்கு ஊற்றும் அந்தத் தண்ணீர் பட்டறையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. துடைக்கக் கூடாது, சாய்த்து வைத்துக் காயவிட வேண்டும். பார்வைத்துண்டு போடும் வாயை மூடாமல் விட்டால் குளவி மண்கூடு கட்டும். இரண்டு முறை கட்டியது.

10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு சேற்றுத்தண்ணீர். 25 மில்லிமீற்றர் நல்லது. பேரடைக்கு நான் தொண்ணூறு வீதம் அதைத்தான் பாவிக்கிறேன். பாரமான பார்வைத்துண்டு போட்டால் குழாயின் மூக்குத் தாழும். குழாய் உருக்குத் தகடு என்பதால் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை வால்பக்கம் ஒட்டினேன், சரியாகிவிட்டது.

2025 ஆனியில், சிலியில் புதிதாக இயங்கத் தொடங்கிய வேரா ரூபின் ஆய்வகத்தின் முதற்படங்கள் வந்தன என்று மகள் பல்கலைக்கழகத்திலிருந்து கைப்பேசிக்கு அனுப்பினாள். 8.4 மீற்றர் ஆடி. படத்தில் இருந்தது அதே கன்னிக் கொத்து. பெரிதாக்கப் பெரிதாக்க, நான் வெறும் இருட்டென்று கடந்துபோன இடத்திலெல்லாம் பேரடைகள். பெரியவரிடம் காட்டினேன். நிறமெல்லாம் பார்த்துவிட்டு, "இது நல்லாய்த்தான் இருக்கிறது," என்றார். "ஆனால் இது வந்தது தொலைபேசியில். நாங்கள் பார்த்தது அங்கேயிருந்து வந்தது."

இந்தக் குழாய்க்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்கிறார்கள். முத்தையன்கட்டில் நாலரை. வவுனியா நகரத்துக்குள் மூன்று. கொழும்பில் இரண்டு, அங்கே இதில் பஞ்சு பார்க்க முடியாது, ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்துச் சந்திரனைப் பார்க்க விரும்பினால் அது உங்கள் விருப்பம். ஒட்டுசுட்டான் சந்தியைச் சுற்றி இப்போது வெள்ளை எல்ஈடி விளக்குகள். மக்களுக்கு வெளிச்சம் வேண்டும், நானும் அந்த வீதியால்தான் வீட்டுக்கு வருகிறேன். ஆனால் விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி போட்டால் ஒளி வீதியில் விழும், வானத்துக்குப் போகாது. மூடியை நானே அடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்று கேட்கவேண்டிய இடத்தில் கேட்டிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் பார்க்க விரும்புகிறவர்கள் மாசி முதல் வைகாசி வரை அமாவாசையை ஒட்டி வரலாம். ஆனி, ஆடியில் சோளகக் காற்று குழாயை ஆட்டும். ஆனால் தனுசு நல்ல உயரத்தில் இருக்கும், காற்று விழுந்த இரவில் வாருங்கள். ஐப்பசிக்குப் பிறகு வரவேண்டாம், மழை. நுளம்புத் திரி கொண்டுவாருங்கள். யானை வெடி பெரியவரிடம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் முன்விளக்கை மதகடியிலேயே அணைத்துவிட்டு, அங்கிருந்து உருட்டிக்கொண்டு வரவும்.